பிழை காத்திலைதான்

மருமோன், போனை வைச்சிடாதையும். நேற்றுப் பின்னேரம் பண்ணையடியிலை நிண்டு நீர் கோல் எடுக்கேக்கை எனக்கு அரைவாசி காத்துச் சத்தமும் அரைவாசி உம்மட மூச்சுச் சத்தமும்தான் கேட்டது. இடையிலை நாலைஞ்சு சொல் வந்தது. "மாமா, சைக்கிளிலை ஏதோ பிழை, பின்சில்லு இழுக்குது." நான் என்ன சொன்னனான்? "சைக்கிளிலை ஒரு பிழையுமில்லை மோனை, பிழை காத்திலைதான்" எண்டு சொன்னனான். இண்டைக்கும் அதைத்தான் சொல்லுறன். நாரி நோவிலை கட்டிலை விட்டு எழும்பேலாமல் கிடக்கிறீராம், உம்மட மாமி சொன்னவ. நல்லது, கிடவும். படுத்திருக்கிற ஆள் எழும்பி ஓட மாட்டார். ஆறுதலாக் கதைக்கலாம்.

நேற்றுக் காலமை எங்கட படலையடியிலை வந்து இறங்கினீர். இறங்கினது எண்டு சொல்லுறன், உண்மையிலை நீர் கதியாலைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டெல்லே நிண்டனீர். சப்பாத்து பெடலோடை கொழுவிக் கிடக்காம், காலைக் கழட்ட ஒரு வித்தை இருக்காம். கண்ணுக்குத் தும்பியின்ர கண் மாதிரி ஒரு கண்ணாடி. தலையிலை கிடந்த தொப்பியைப் பற்றி நான் ஒண்டும் சொல்லன், அது நல்ல காரியம், எங்கட ரோட்டிலை மாடு குறுக்கை வரும். வந்ததும் வராததுமாய்க் கையைத் திருப்பி மணிக்கூட்டைக் காட்டினீர். "பண்ணையிலிருந்து 42 நிமிசம் மாமா! ரொறன்ரோவிலை கூட எனக்கு இந்த ஓட்டம் வராது." மாமி திறந்த வாயை மூடேல்லை. "ராசா பறந்தெல்லே வந்திருக்கிறான்" எண்டா.

நான் வாயைத் திறக்கேல்லை. முற்றத்து முருங்கையைப் பார்த்தன். கொப்பெல்லாம் தென்மேற்காலை சாய்ஞ்சு நிண்டு, உம்மைக் காட்டிக் காட்டித் தலையாட்டுது. நீர் ஓடி வரேல்லை மருமோன். உம்மை ஊதிக்கொண்டு வந்து எங்கட வளவுக்குள்ளை போட்டது, சருகைக் கொண்டு வந்து போடுற மாதிரி.

இஞ்சை காத்துக்குப் பேர் இருக்கு. வடக்காலை வாறது வாடை. கிழக்காலை கொண்டல். தெற்காலை சோளகம். மேற்காலை கச்சான். கச்சான் எண்ட உடனை உமக்குக் கோயில் திருவிழாவிலை சுருளிலை வாங்கிக் கொறிக்கிறதுதான் ஞாபகம் வரும், அதில்லை. மாரி தொடங்கினால் வாடை. தை, மாசி மட்டும் அதின்ர ஆட்சி. வைகாசிக்குப் பிறகு சோளகம். இந்த இரண்டுக்கும் நடுவிலை ஒரு ஒழுங்கில்லாத காலம், காலமை ஒண்டு, பின்னேரம் இன்னொண்டு. தொழிலுக்குப் போற ஆக்கள் இதைக் கடலிலை பார்ப்பினம். நான் சைக்கிள்காரன், ரோட்டிலை பார்க்கிறன்.

ரோட்டை யோசிச்சுப் பாரும். பண்ணையிலை கடலுக்குள்ளை இறங்கின ரோட்டு தென்மேற்காலை வரும். பிறகு மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், சாட்டி, வேலணை. பண்ணையிலை இரண்டு பக்கமும் தண்ணி, ஒதுங்க ஒரு பனைகூட இல்லை. மார்கழி வாடை வடகிழக்காலை வந்து உம்மட முதுகிலை கையை வைச்சுத் தள்ளுது. தள்ளுறது தெரியவும் தெரியாது, அதுதான் அதின்ர கெட்டித்தனம். முன்காத்து அடிச்சால் காத்து எண்டு சொல்லுவம், பின்காத்து அடிச்சால் என்ர கால் எண்டு சொல்லுவம். திரும்பிப் போகேக்கை அதே காத்து அதே இடத்திலை நிண்டு, இந்த முறை நெஞ்சிலை கையை வைக்கும். நீர் எஞ்சினியர், உமக்குக் கணக்குத் தெரியும்: முகத்திலை அடிக்கிற காத்தின்ர வேகம் இரட்டிச்சால் அது தள்ளுற தள்ளு நாலு மடங்கு. எனக்குக் கணக்குத் தெரியாது, சாரம் தெரியும். வாடைக்கு எதிரை சாரத்தோடை சைக்கிள் ஓடினவனுக்கு உந்த நாலு மடங்கைப் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கத் தேவையில்லை.

எங்கட ஆக்களுக்கு இது மறுவளமாய் வேலை செய்யும். வேலணையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போன பெடியள், கந்தோருக்குப் போனவை, மீன் பெட்டி கட்டிக்கொண்டு போனவை எல்லாருக்கும் மாரியிலை காலமைதான் எதிர்க்காத்து. காலமை உடம்பு புதுசு, வயித்திலை பிட்டு இருக்கு, காத்தும் முழுசா முழிச்சிருக்காது. பின்னேரம் களைச்சு விழுந்து வரேக்கை வாடை வீட்டு வாசல் மட்டும் கொண்டு வந்து விடும், ஒரு சதம் கேளாது. ஆனி, ஆடியிலைதான் எங்கட பாடு நாய்ப்பாடு. காலமை தேவையில்லாத நேரம் தள்ளி விட்டிட்டு, பின்னேரம் வெயிலையும் புழுதியையும் சேர்த்து மூஞ்சையிலை எறியும் சோளகம். அதாலை சைக்கிள்காரனுக்கு மாரி எதிரி எண்டு நீர் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளமாட்டன். எங்கை குடியிருக்கிறீர் எண்டதைப் பொறுத்தது அது. நீர் நல்லூரிலை றூம் எடுத்தது உம்மட பிழை, காத்தின்ர பிழையில்லை.

"பின்னை ஏன் மாமா நேற்றே சொல்லேல்லை?" எண்டு கேட்கிறீர். நீர் கேட்டனீரோ? வந்த நேரம் முதல் உம்மட சைக்கிளின்ர புராணம்தானே. பிரேம் காபனாம், ஒரு விரலாலை தூக்கலாமாம். காபன் எண்டால் கரிதானே எண்டு நான் கேட்டதுக்கு உமக்குக் கோவம் வந்தது. மூவாயிரம் டொலர் குடுத்துக் கரியிலை சைக்கிள் வாங்கின ஒரே ஆள் எங்கட பரம்பரையிலை நீர்தான். இஞ்சை கரியாலை பல்லுத்தான் விளக்கினனாங்கள்.

அதோடை, மாமி ஒடியல் கூழ் காய்ச்சி வைச்சிருந்தவ. நண்டும் றாலும் மரவள்ளியும் பயித்தங்காயும் போட்ட கூழ். பிளாவிலை ஊத்தித் தரேக்கை நீர் ஒண்டோடை நிப்பாட்டினீரோ? அதைக் குடிச்சிட்டு மூண்டு மணிக்கு, வாடை நல்லா வேகம் எடுத்த நேரம் பார்த்து, வெளிக்கிட்டீர். இந்தக் காத்துக் காலமையிலை மெல்லமா இருக்கும், வெயில் ஏற ஏறத்தான் பலக்கும். நானெண்டால் அந்த விறாந்தையிலை பாயைப் போட்டுப் படுத்திட்டு, விடிய ஆறு மணிக்கு எழும்பிப் போயிருப்பன்.

அங்கை உம்மட வீட்டு பேஸ்மென்றிலை ஒரு சைக்கிள் நிக்குதெண்டு கொம்மா சொன்னவ. சில்லு சுத்துமாம், ஆனால் சைக்கிள் போகாதாம். அதிலை ஏறி ஒரு மணித்தியாலம் உழக்கி, வேர்த்து விறுவிறுத்து, இறங்கினால் ஏறின இடத்திலையே நிப்பீராம். முன்னாலை ரீவியிலை ரோட்டு ஓடுமாம். அப்பு இருந்திருந்தால் உமக்கு நூல் கட்டியிருப்பார். அதிலையும் மாதக் கட்டணம் இருக்காமே? போகாத சைக்கிளுக்கு பஸ் ரிக்கற் மாதிரி.

வெளியிலை பனி எண்டு சொல்லுறீர், அது ஞாயம்தான். ஆனாலும் பின்லாந்திலை ஊலு எண்டு ஒரு ஊர் இருக்கு. ஆர்க்டிக் வட்டத்துக்குக் கிட்ட. அங்கை பனி கொட்டினால் கார் ரோட்டை வழிக்கிற மாதிரி சைக்கிள் பாதையையும் வழிச்சு விடுகினம், பள்ளிக்கூடப் பிள்ளையள் சைக்கிளிலை போகுதுகள், சிலர் ஆணி பதிச்ச ரயர் பூட்டுகினம். மாரிச் சைக்கிள் ஓட்டத்துக்கெண்டு 2013 இலை முதல் சர்வதேச மாநாடே அந்த ஊரிலைதான் வைச்சவை. இதையெல்லாம் எனக்குச் சொன்னதும் நீர்தான், போன வருசம். நீர் மாநாட்டைப் பற்றி வாசிப்பீர், அவை ஓடுவினம்.

எங்களையும் நான் விட்டு வைக்கேல்லை, எங்கட பஞ்சியும் லேசுப்பட்டதில்லை. இஞ்சை மார்கழி, தையிலை விடியப்புறம் இருபத்திரண்டு இருபத்திமூண்டு பாகை. அதுக்கே தலையிலை மவ்ளர், காதுக்குள்ளை பஞ்சு, சாரத்தை இழுத்துக் கழுத்து மட்டும் போர்த்துக்கொண்டு தேத்தண்ணிக் கடையிலை குந்தியிருப்பம். நீர் அரைக் காற்சட்டையோடை வாறீர், நாங்கள் உம்மைப் பார்த்து நடுங்கிறம். தூறல் ஒண்டு விழுந்தால் நடைக்குப் போற கிழவர்மார் எல்லாருக்கும் ஒரே நேரத்திலை தடிமன் வரும். கிளினிக்கிலை டொக்டர் சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொன்னால், "மாரி முடியட்டும் ஐயா" எண்டுவம். மாரி முடிய வெயில். வெயில் முடிய மாரி. உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 150 நிமிசம் உடம்பை அசைக்கச் சொல்லுது எண்டு நீர் சொன்னனீர். கிழமைக்கு 150 நிமிசம், நாளைக்கு இருபது இருபத்தஞ்சு. அது எங்கட வீட்டிலிருந்து சங்கக்கடைக்குப் போய், அரிசி இல்லையெண்டு கேட்டு, திரும்பி வாற நேரம்.

இனி ஒரு புதினம் சொல்லுறன், இது உமக்குத் தெரியாது. எங்கட தீவுகளுக்கு ஒல்லாந்தர் தங்கட ஊர்ப் பேரை வைச்சவங்கள். நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட், வேலணைக்கு லைடன், நயினாதீவுக்கு ஹார்லெம், காரைநகருக்கு அம்ஸ்ரடாம், அனலைதீவுக்கு றொட்டடாம், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க். டெல்ஃப்ட் மட்டும்தான் இண்டைக்கும் ஒட்டிக்கொண்டு கிடக்கு. ஊராத்துறைக்கு முன்னாலை கடலுக்குள்ளை நிக்கிற கோட்டைக்கு ஹம்மன்ஹீல் எண்டு வைச்சாங்கள். பண்டித்தொடையின்ர குதி எண்டு அர்த்தம், இலங்கையைப் படத்திலை பார்த்த உடனை அவங்களுக்குப் பசி வந்திட்டுதாக்கும். அவங்கட நாடும் எங்கட தீவு மாதிரித்தான், மலையில்லை, மட்டமான தரை, பக்கத்திலை கடல், எந்த நேரமும் காத்து. இண்டைக்கு உலகத்திலை சைக்கிளுக்குப் பேர்போன சனம். இஞ்சை இருந்து போகேக்கை கோட்டையை விட்டிட்டுப் போனவங்கள், சைக்கிளை விட்டிட்டுப் போகேல்லை, ஏனெண்டால் அப்ப சைக்கிள் பிறக்கேல்லை. எங்கட கஷ்டகாலம்.

உம்மட தங்கச்சி ஒல்லாந்திலை இருந்து ஒரு வீடியோ அனுப்பினவள். அங்கை எதிர்க்காத்துக்குச் சைக்கிள் ஓடுற போட்டியே நடக்குதாம், 2013 இலை தொடங்கினது. ஸீலாந்து மாகாணத்திலை புயல் வெள்ளத்தை மறிக்கக் கடலுக்குக் குறுக்கை கட்டின பெரிய அணை, அதிலை 8.5 கிலோமீற்றர். கியர் இல்லாத சாதாரண வீட்டுச் சைக்கிள், எல்லாருக்கும் ஒரே மாதிரி. நாளை முன்கூட்டிச் சொல்லமாட்டினம். புயல்காத்து வரப்போகுதெண்டு வானிலைக்காரர் சொன்ன பிறகு, இரண்டு மூண்டு நாளுக்கு முன்னம்தான் அறிவிப்பினம். ரயர் நிண்ட இடத்திலை நிக்குது, சனம் முக்கி முனகி உழக்குது, கரையிலை நிக்கிறவை கை தட்டுகினம். அந்த ஸீலாந்தின்ர தலைப்பட்டினம் எது தெரியுமே? மிடில்பேர்க். எங்கட புங்குடுதீவின்ர பேர்! வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குக் கடலுக்குள்ளாலை போற ரோட்டிலை, கியர் இல்லாத சைக்கிளிலை, கரியரிலை அரைமூட்டை மாவும் முன்பாரிலை பிள்ளையும் வைச்சு எங்கட ஆக்கள் ஆயுசு முழுக்க ஓடினது இந்தப் போட்டியைத்தான். எங்களுக்கு ஒருத்தரும் கை தட்டேல்லை. ஏன் பிந்தினது எண்டு வாத்தியார் தடியாலை தட்டினவர்.

என்ர சைக்கிளைப் பார்த்து நேற்று நீர் சிரிச்சனீர். ரலி. அப்புவின்ர. ஹாண்டிலிலிருந்து கம்பியாலை இழுக்கிற பிறேக், டைனமோ லைற், செயினுக்கு மூடி, பின்னாலை உரல் வைச்சாலும் தாங்குற கரியர். 90 இலை சண்டையாலை தீவை விட்டு யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயரேக்கை பெட்டகத்தை விட்டிட்டு இதைக் கொண்டு போனனான். அந்தக் காலம் பெற்றோல் யாழ்ப்பாணத்துக்குள்ளை வரவிடேல்லை. வாத்தியாரும் சைக்கிள், டொக்டரும் சைக்கிள், கலியாண மாப்பிள்ளையும் சைக்கிள். கரண்ட் இல்லை. இரவிலை சைக்கிளைக் கவிழ்த்து வைச்சு, ஒருத்தன் கையாலை பெடலைச் சுத்த, டைனமோவிலை றேடியோ பாடும், பிபிசி செய்தி கேட்பம். உம்மட பேஸ்மென்ற் சைக்கிளும் நிண்ட இடத்திலை நிக்கிறதுதான், எங்கடையும் நிண்ட இடத்திலை நிண்டதுதான். எங்கடை லண்டன் மட்டும் போய் வந்தது.

95 ஒக்டோபர் 30 இரவும் மாரிதான். மழை பெய்துகொண்டிருந்தது. சண்டைக்குப் பயந்து வலிகாமத்துச் சனத்திலை பெரும்பகுதி நாவற்குழிப் பாலத்தாலை தென்மராட்சிக்குப் போனது. எல்லாரிட்டையும் சைக்கிள் இருந்தது, ஒருத்தரும் ஓடேல்லை. ஏற இடமில்லை, சீற்றிலையும் மூட்டை, பாரிலையும் மூட்டை, கரியரிலை என்ர அம்மா. விடிய விடிய உருட்டினம். அதுக்குப் பிறகு எனக்கு மழையைப் பற்றிக் குறை சொல்ல வராது.

2022 ஆனியிலை திரும்பவும் நாட்டிலை எண்ணெய் இல்லையெண்டு தனியார் வாகனத்துக்கு அடிக்கிறதையே நிப்பாட்டினவை. கொழும்பிலை சனம் சைக்கிளுக்கு ஓடித் திரிஞ்சுது, விலை எட்டாத உயரத்துக்குப் போனது. நான் முற்றத்திலை ரலியைத் துடைச்சுக்கொண்டிருந்தன்.

துடைக்கிறதைப் பற்றித்தான் உமக்குச் சொல்ல வேணும், நேற்று உம்மட சைக்கிளைச் சுவரிலை சாத்திப்போட்டு நீர் அதைத் திரும்பியும் பார்க்கேல்லை. பண்ணையாலை வந்த சைக்கிள் சும்மா வராது, கடலையும் கொண்டு வரும். அலை மதகிலை அடிச்சுத் தூவானமாப் பறக்கும். காய்ஞ்ச பிறகு சில்லுக் கம்பியளிலை விரலாலை தடவிப் பாரும், மா பூசின மாதிரி வெள்ளையா வரும், நாக்கிலை வைச்சால் கரிக்கும். அதை அப்பிடியே விட்டால் மூண்டாம் நாள் கறள். நல்ல தண்ணியாலை கழுவ வேணும். ஆனால் தீவிலை நல்ல தண்ணிக்கு எங்கை போறது? சாட்டிக் கிணறுகளை நம்பித்தானே அயலிலை கனபேர் குடிக்கினம். சைக்கிளுக்கு ஊத்தினால் மாமி என்னை ஊத்திவிடுவா. அதுக்குத்தான் மாரி. நல்ல மழை ஒண்டு பெய்யேக்கை சைக்கிளைக் கொண்டுபோய் தாவாரத்துக்கு வெளியிலை நிப்பாட்டும், உப்பெல்லாம் தன்ர பாட்டிலை போகும். பிறகு பழைய பெனியனிலை மண்ணெண்ணெய் தொட்டு ஒவ்வொரு கம்பியாத் துடையும். செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய், கூட விட்டால் மண் ஒட்டும். அரை மணித்தியாலக் குந்தியிருப்பு. முழங்காலுக்கும் அப்பியாசம், வாய்க்கும் ஓய்வு.

மழைக்கை ஓடுறதெண்டால் இரண்டு மூண்டு காரியம் கவனியும். ஈரத்திலை பிறேக் பிடியாது, இரும்பு றிம் எண்டால் சுத்தமாப் பிடியாது. சந்தி தெரியேக்கையே மெல்ல மெல்லப் பிடிச்சுக்கொண்டு வர வேணும், சந்திக்கு வந்து பிடிச்சால் தேத்தண்ணிக் கடைக்குள்ளைதான் நிப்பீர். தண்ணி நிக்கிற குழியை நம்பாதையும், எல்லாக் குழியும் மேலாலை பார்த்தால் ஒரே ஆழம். இரவிலை மாடு. தரை எல்லாம் சேறெண்டு அதுகள் தார் ரோட்டிலை வந்து படுத்திருக்கும், கறுத்த மாடு கறுத்த ரோட்டிலை, லைற் இல்லாமல் ஓடினால் மேலை ஏறினாப் பிறகுதான் மாடெண்டு தெரியும். மழைக்கோட்டு ஒண்டும் வேண்டாம், உள்ளுக்குள்ளை வேர்த்து அதிலையே நனைவீர். எங்கட மழை சூட்டுமழை, நனையலாம், குளிர்றது மழையாலை இல்லை, நனைஞ்ச சேட்டிலை காத்துப் படுறதாலை. சொப்பிங் பையுக்குள்ளை காய்ஞ்ச சேட்டு ஒண்டைச் சுத்தி கரியரிலை கட்டும், போன இடத்திலை மாத்தும். உம்மட சைக்கிளிலை கரியர் இல்லை எண்டது எனக்கு மறந்து போச்சு. மூவாயிரம் டொலருக்கு ஒரு கரியர் தராதவன் என்ன வியாபாரி?

கொஞ்சம் பகிடியை விட்டிட்டுச் சொல்லுறன். காலிலை வெட்டுக்காயம் இருந்தால் வெள்ளத்துக்குள்ளை இறங்காதையும். 2024 மார்கழியிலை யாழ்ப்பாணத்திலை எலிக்காய்ச்சல் பரவி உயிருகளும் போனது. எலி மூத்திரம் கலந்த தண்ணி காயத்தாலை உள்ளை போனால் போதும். காய்ச்சல் வந்தால் வேர்க்கொம்பு அவிச்சுக் குடிச்சுக்கொண்டு கிடக்காமல் ஆசுப்பத்திரிக்குப் போம். இடி முழங்கேக்கை பண்ணை ரோட்டிலை இறங்காதையும், அந்த வெளியிலை உம்மைவிட உயரமா ஒண்டும் இராது. பனைக்குக் கீழை ஒதுங்கவும் வேண்டாம், இடிக்கும் பனைக்கும் பழைய சிநேகம்.

தாழமுக்கம் எண்டு றேடியோ சொன்னால் அண்டைக்குச் சைக்கிளைத் தாவாரத்துக்குள்ளை கட்டும். 1964 மார்கழி 22, எனக்குப் பதினாலு வயசு. அண்டு இரவு அடிச்ச புயலுக்குப் பேர் இல்லை. வவுனியாப் பக்கத்தாலை எங்கட வடக்கைக் கடந்து போய், அங்காலை தனுஷ்கோடியையே கடலுக்குள்ளை இழுத்தது, ரெயிலோடை. எங்கட வீட்டுக் கூரையைப் பிறகு மூண்டு வளவுக்கு அப்பாலை கண்டு பிடிச்சனாங்கள். இப்ப 2004 க்குப் பிறகு புயலுக்கெல்லாம் பேர் வைச்சு வளர்க்கினம். 2008 இலை நிஷா, 2020 இலை புரெவி. நிஷா எண்ட உடனை ஆரோ பெட்டை வாறாளாக்கும் எண்டு பார்த்தால், கிணத்துக்கும் ரோட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் வெள்ளம்.

உம்மட போன் சொல்லுறதை மட்டும் நம்பாதையும். அது யாழ்ப்பாணம் முழுக்க ஒரு மேகம் எண்டு நினைக்குது. சாட்டியிலை மழை கொட்டும், மண்கும்பானிலை புழுதி பறக்கும். பெடியள் ஏத்தின பட்டத்தைப் பாரும். விண் கூவுறது ஒரே சீரா இருந்தால் காத்து நிலையா நிக்குது, போகலாம். கூவல் விட்டு விட்டு வந்து, பட்டம் தலை குத்தி அலைஞ்சால், மழை பின்னாலை நிக்குது. பட்டம் ஏத்திற பெடியளே நூலைச் சுத்தத் தொடங்கினால் நீரும் திரும்பும். குறிகட்டுவானிலை வள்ளம் விடுறாங்களோ எண்டு ஒருக்கால் கேளும், கடலுக்குப் பயந்தவன் கரைக்கும் கொஞ்சம் பயப்பிட வேணும்.

நாரி சுகமானாப் பிறகு நெடுந்தீவுக்கு ஒரு நாள் போவம். குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலக் கடல், வாடைக்கு வள்ளம் எழும்பி எழும்பி அடிக்கும், கூழ் குடியாமல் வாரும். செங்கை ஆழியான் 'வாடைக்காற்று' எண்டு நாவலே எழுதினவர், நெடுந்தீவுக் கதை, 78 இலை படமாயும் வந்தது. சைக்கிளிலை தீவைப் பார்க்க மாரிதான் நேரம். புல் பச்சையா இருக்கும், குளம் நிரம்பியிருக்கும், கோடையிலை தண்ணிக்கு அலைஞ்சு சாகிற அந்தக் கட்டைக் குதிரையள் அப்பதான் வயிறு முட்ட நிக்கும். ஒழுங்கை எல்லாம் கடற்கல்லை அடுக்கின வேலி, சுண்ணாம்பும் இல்லை, மண்ணும் இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலை இருக்கிற ஓட்டையாலை காத்துப் போகும், அதாலை வேலி விழாது. குனிஞ்சு உழக்கினால் வேலி மறைவிலை வாடை குறையும். நிமிர்ந்து உழக்கினால் தொப்பி குதிரைக்குப் போகும்.

நயினாதீவிலை காத்தைக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. சின்னத் தீவு, அம்மன் கோயிலடியிலை ஏறி ஒருக்கால் சுத்தி வந்தால் முன்காத்து, பின்காத்து, பக்கக்காத்து எல்லாம் ஒரு சுத்திலை முடிஞ்சிடும். கடனும் இல்லை, லாபமும் இல்லை.

அதுமட்டும் நல்லூரிலிருந்து சும்மா உழக்க வேணுமெண்டால் இஞ்சாலை வராதையும். விடிய எழும்பி வடகிழக்காலை, வல்லை வெளிப் பக்கம் போம். போகேக்கை வாடையோடை மல்லுக்கட்டும். திரும்பேக்கை அது உம்மைக் கந்தசுவாமி கோயில் வாசலிலை கொண்டுவந்து இறக்கும். வந்து கோப்பி குடியும், மல்லியும் வேர்க்கொம்பும் போட்டு இடிச்ச தூள் மாமி தந்து விட்டவ, பையிலை கிடக்கும். சீனி போடாமல் பனங்கட்டி கடிச்சுக்கொண்டு.

இன்னொண்டு. மாமி பக்கத்திலை நிண்டதாலை நேற்றுச் சொல்ல வசதிப்படேல்லை. உம்மட ரயர் என்ர பெருவிரல் மொத்தம்தான் இருக்கு, அதுக்குள்ளை கல்லு மாதிரி காத்து. ஈர ரோட்டிலை அந்த ரயர் வழுக்கும், கொஞ்சம் இளக்கினால் பிடிக்கும், இது உண்மை, ஆரையும் கேட்டுப் பாரும். நீர் இரண்டாம் பிளாக் கூழ் குடிக்கேக்கை நான் முற்றத்துக்குப் போனனான். பின்சில்லு வால்விலை சின்ன மூக்கு ஒண்டு இருந்தது. திருகிப்போட்டு அமத்தினால் சுஸ் எண்டது. நல்ல சத்தம். ஒரு அமத்தோ, நாலு அமத்தோ, நான் எண்ணேல்லை.

அதாலை நேற்று நான் போனிலை சொன்னதிலை ஒரு சொல்லும் பொய்யில்லை, கண்டீரோ.

மாமி இப்ப வாசலிலை பம்மோடை நிண்டு என்னைப் பார்த்துக்கொண்டு நிக்கிறா. எங்கட பம் உம்மட வால்வுக்குப் பொருந்தாதாம், நேற்றே வைச்சுப் பார்த்தவவாம். வரேக்கை உம்மட பம்மையும் கொண்டு வாரும்.